உங்கள் குழுவில் இருப்பவர்கள் வளர நீங்கள் என்ன செய்யலாம்? சிங்கப்பூரில் மேற்பார்வையாளர்களாக இருக்கும் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கட்டடங்களுக்குத் தண்ணீர்க் குழாய், பம்ப், தீயணைப்புக் குழாய் பொருத்தும் தொழிலில் 18 வருடமாக இருக்கிறேன். குழாய் தூக்கும் ஆளாக வந்தேன். இப்போது 26 பேர் கொண்ட குழுவைப் பார்த்துக்கொள்கிறேன். சிங்கப்பூரர்கள், நிரந்தரவாசிகள், எஸ் பாஸில் (நடுத்தரத் திறன் வெளிநாட்டு ஊழியருக்கான அனுமதி) இருப்பவர்கள், வேலை அனுமதிச் சீட்டில் தமிழ்நாட்டிலிருந்தும் பங்ளாதேஷிலிருந்தும் வந்தவர்கள் என்று எல்லாரும் அதில் உண்டு. புதிதாக சூப்பர்வைசர் ஆன தம்பிகளும், அலுவலகத்தில் டீம் லீடர் ஆன நண்பர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவை இவை.

நேற்றுவரை கூட வேலை பார்த்தவர்களுக்கு இன்று நான் மேலாளர். எங்கிருந்து தொடங்குவது?

முதல் மாதம் எதையும் மாற்றாதீர்கள். யார் எந்த வேலையை ஆசையோடு செய்கிறார், எதைத் தள்ளிப்போடுகிறார், எந்த இடத்தில் மாட்டிக்கொண்டு உங்களைத் தேடி வருகிறார் என்று பாருங்கள், போதும்.

நான் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். ஆளுக்கு ஒரு பக்கம். பக்கத்தின் மேலே இரண்டு வரி. இவர் இப்போது தனியாகச் செய்யக்கூடியது எது? அடுத்து இவர் கையில் கொடுக்க வேண்டியது எது? யாருடைய பக்கத்திலாவது இரண்டாவது வரி காலியாக இருந்தால், அந்த மாதம் நான் அவரைக் கவனிக்கவில்லை என்று அர்த்தம்.

பயிற்சி வகுப்பு வேண்டும், பாராட்டு வேண்டும், சம்பள உயர்வும் வேண்டும். ஆனால் நான் பார்த்தவரை, அடுத்த படியில் இருக்கும் வேலையைக் கையில் வாங்கிச் செய்யும்போதுதான் ஒருவர் வளர்கிறார். அந்த நேரத்தில் நாம் பக்கத்தில் நிற்க வேண்டும். கீழே வரும் பதில்களில் பெரும்பாலும் இதைத்தான் சொல்லியிருக்கிறேன்.

ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேச வேண்டும் என்கிறார்கள். என்ன பேசுவது?

முதலில் எங்கே பேசுவது என்று சொல்கிறேன். அறைக்குள் கூப்பிட்டாலே நம் ஆட்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். பெர்மிட்டை ரத்து செய்யப் போகிறார்களோ என்று நினைத்து வருகிறவரிடம் என்ன பேசினாலும் காதில் ஏறாது. காப்பிக்கடைக்குக் கூட்டிப்போங்கள். ஒரு தே தாரிக் குடித்து முடிக்கும் நேரம் போதும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அதே கிழமை, அதே நேரம். எவ்வளவு அவசரம் வந்தாலும் அதை ரத்து செய்யாதீர்கள்.

நான் கேட்பது மூன்று கேள்விகள். இந்த வாரம் எந்த வேலை இழுத்தடித்தது? எங்கே, யாருக்காகக் காத்துக்கிடந்தீர்கள்? நான் செய்கிற வேலையில் எதைச் செய்து பார்க்க ஆசை?

மூன்றாவது கேள்விக்கு உடனே பதில் வராது. சிரித்துவிட்டுப் போவார்கள். இரண்டு மூன்று முறை கேட்ட பிறகு வரும். எங்கள் ஸ்டோரில் 9 வருடம் இருந்த ஓர் அக்கா ஒருநாள் தயங்கித் தயங்கி, "சப்ளையர்கிட்ட விலை பேசுறப்ப நானும் உட்காரலாமா?" என்று கேட்டார். எந்த வால்வு எத்தனை நாளில் தீரும், எந்த சப்ளையர் சொன்ன தேதிக்குச் சரக்கு கொடுப்பார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆனாலும் அத்தனை வருடமும் அவரை விலை பேசுகிற அறைக்குள் யாரும் கூப்பிட்டதில்லை. நானும்தான். இப்போது எங்கள் கொள்முதல் முழுக்க அவர் பொறுப்பு.

வேலையை ஒப்படைத்தால் தவறு செய்துவிடுவார்களே? கடைசியில் நான்தானே பதில் சொல்ல வேண்டும்?

ஆமாம், நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். அதனால் எந்தத் தவறை விடலாம், எதை விடவே கூடாது என்று முன்கூட்டியே பிரித்து வையுங்கள்.

யீஷூனில் ஒரு கட்டடத்தின் அடித்தள பம்ப் அறையில் நடந்ததைச் சொல்கிறேன். குழாய் பொருத்தி முடித்ததும் தண்ணீர் நிரப்பி அழுத்தச் சோதனை செய்வோம். அதை எப்போதும் நானேதான் செய்வேன். அன்று முதல்முறையாகப் புதுக்கோட்டைத் தம்பி ஒருவரிடம் கொடுத்தேன். நாலு வருடமாக என் பக்கத்தில் நின்று பார்த்தவர். தண்ணீரை நிரப்பினார், கைப்பம்பை நாலு தடவை அடித்தார். அழுத்தம் காட்டும் கேஜில் முள் துள்ளித் துள்ளி ஏறி, பிறகு இறங்கியது. மேலே காற்றை வெளியேற்றும் வால்வைத் திறக்க மறந்துவிட்டார். எனக்கு அது தெரிந்துவிட்டது, சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் அழுத்தம் இன்னும் பெரிதாக ஏறவில்லை, ஆபத்து எதுவும் இல்லை. கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு நின்றேன்.

அவர் கேஜை விரலால் தட்டிப் பார்த்தார். குழாய் போகும் பாதையைக் கண்ணாலேயே கீழிருந்து மேலே தொடர்ந்தார். திடீரென்று ஏணியை இழுத்துப் போட்டு ஏறினார். வால்வைத் திறந்ததும் காற்று புஸ்ஸென்று வெளியேறி, தண்ணீர் அவர் சட்டையில் தெறித்தது. இறங்கி வந்து மறுபடி பம்பை அடித்தார். முள் ஒரே சீராக ஏறி நின்றது. நான் செய்திருந்தால் 40 நிமிடம் முன்பே முடிந்திருக்கும். ஆனால் அன்றிலிருந்து அவர் காற்று வால்வை மறந்ததே இல்லை. இன்று மூன்று பேருக்கு அந்தச் சோதனையைச் சொல்லிக்கொடுப்பதும் அவர்தான்.

அது நேரத்தை மட்டும் தின்னும் தவறு. ஆளையே தின்னும் தவறுகள் வேறு: உயரத்தில் வேலை, மின்சாரம், கிரேன் தூக்கு, காற்றோட்டமில்லாத தொட்டிக்குள் இறங்குவது. அங்கே 'செய்து கற்றுக்கொள்ளட்டும்' என்ற பேச்சே கிடையாது. சந்தேகம் வந்த நொடியிலேயே நிறுத்த வேண்டும். வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் அந்தப் பொறுப்பை நம் தலையில்தான் வைத்திருக்கிறது. சட்டமே இல்லாவிட்டாலும் அது நம் பொறுப்புதான்.

ஒப்படைக்கும் விதத்திலும் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் நான் செய்வேன், அவர் பார்ப்பார். அப்புறம் சேர்ந்து செய்வோம். அடுத்து அவர் செய்ய நான் பார்ப்பேன். கடைசியில் அவரே செய்துவிட்டு எனக்குச் சொல்வார். பெரும்பாலான மேலாளர்கள் மூன்றாவது படியைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். "அவனிடம் கொடுத்தேன், சொதப்பிவிட்டான்" என்று யாராவது சொன்னால், அவர் செய்தபோது நீங்கள் பக்கத்தில் நின்றீர்களா என்றுதான் நான் முதலில் கேட்பேன். அலுவலக வேலைக்கும் இது பொருந்தும். வாடிக்கையாளர் கூட்டத்தை ஒருவர் முதல்முறை நடத்தும்போது நீங்களும் அந்த மேசையில் இருங்கள், ஆனால் பேச்சைப் பிடுங்காதீர்கள்.

குறையைச் சொன்னால் முகம் வாடிவிடுகிறது. எப்படிச் சொல்வது?

தனியாக, அன்றைக்கே, நடந்ததை மட்டும் சொல்லுங்கள். "நீ எப்பவுமே இப்படித்தான்" என்று தொடங்கினால் அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பார்ப்பார். "நேத்து ரிப்போர்ட்ல வால்வு நம்பர் இல்ல தம்பி. கன்சல்டன்ட் திருப்பி அனுப்பிட்டாரு. இன்னைக்கு எழுதினதும் அனுப்புறதுக்கு முன்னாடி எனக்கு ஒருதடவ காட்டுங்க" என்றால் அடுத்து என்ன செய்வது என்று அவருக்குப் புரியும்.

காலையில் வேலை தொடங்கும் முன் நடக்கும் டூல்பாக்ஸ் மீட்டிங்கில் (பாதுகாப்புக் கூட்டம்) இருபது பேர் முன்னால் ஒருவரைத் திட்டுவதை இன்னும் நிறையப் பேர் வழக்கமாக வைத்திருக்கிறார்கள். அதை விட்டுவிடுங்கள். திட்டு வாங்கியவர் அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருப்பார். மற்ற பத்தொன்பது பேரும் இனித் தவறை வெளியே சொல்லவே மாட்டார்கள். மறைத்த தவறு எங்கள் தொழிலில் சுவருக்குள் கசியும் குழாயாகத்தான் வெளியே வரும்.

பாராட்டையும் விவரமாகச் சொல்லுங்கள். "நல்லா பண்ணீங்க" என்பது காற்றோடு போய்விடும். எது நன்றாக இருந்தது என்று சொன்னால்தான் அதை அவர் மறுபடி செய்வார்.

ஒரு காலத்தில் குழுவினர் எழுதும் எல்லா ரிப்போர்ட்டையும் நானே இரவில் உட்கார்ந்து திருத்தி எழுதுவேன். மூன்று வருடம் அப்படிப் போனது. ஒருவர்கூட ஆங்கிலத்தில் ரிப்போர்ட் எழுதக் கற்றுக்கொள்ளவில்லை. பிறகு திருத்துவதை நிறுத்திவிட்டு, பிழை இருக்கும் வரியின் கீழே கோடு மட்டும் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். நாலைந்து மாதத்தில் என் இரவுகள் எனக்குத் திரும்பக் கிடைத்தன.

பயிற்சிக்கு அனுப்ப நிறுவனத்தில் பணம் இல்லை என்கிறார்கள். என்ன வழி?

பல வழிகள் இருக்கின்றன. நம் ஆட்கள் பலர் தங்கள் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்றே திறந்து பார்த்ததில்லை. 25 வயதான ஒவ்வொரு சிங்கப்பூரருக்கும் படிப்புக் கட்டணத்துக்காக அரசு தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கிரெடிட்டாக 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) உண்டு. 40 வயதைத் தொட்ட சிங்கப்பூரர்களுக்கு 2024 மே மாதத்திலிருந்து தனியாக 4,000 வெள்ளி. இதை வேலைக்கு உதவும் குறிப்பிட்ட படிப்புகளுக்கு மட்டும் பயன்படுத்தலாம். 40 வயதுக்கு மேல் வேலையை நிறுத்திவிட்டு, தகுதிபெறும் முழுநேரப் படிப்பில் சேர்பவர்களுக்கு மாதம் 3,000 வெள்ளிவரை பயிற்சிப் படியும் கிடைக்கும். என்டியுசி தொழிற்சங்க உறுப்பினராக இருந்தால், கட்டணத்தில் அரசு மானியம் போக மிச்சம் இருப்பதில் பாதியை, ஆண்டுக்கு 250 வெள்ளிவரை திரும்பப் பெறலாம். சிங்கப்பூரரோ நிரந்தரவாசியோ வகுப்புக்குப் போன மணிநேரத்துக்கான சம்பளத்தில் ஒரு பகுதியை நிறுவனம் அரசிடம் கேட்டு வாங்கவும் வழி இருக்கிறது.

துப்புரவு, பாதுகாவல், சில்லறை வணிகம், உணவுச் சேவை போன்ற துறைகளில் இருந்தால் 'படிப்படியாக உயரும் சம்பள முறை' உங்களுக்குத் தெரிந்திருக்கும். அங்கே பயிற்சியும் சம்பளப் படியும் ஒன்றோடொன்று பிணைந்தவை. உங்கள் ஆள் எந்தப் படியில் இருக்கிறார், அடுத்த படிக்கு எந்தப் பயிற்சி பாக்கி என்று மேற்பார்வையாளர் விரல் நுனியில் வைத்திருக்க வேண்டும்.

ஆனால் ஒன்று. பணத்தைவிட நேரம்தான் பெரிய தடை. வகுப்பு இருக்கும் நாளில் "சைட்டில் ஆள் இல்லை" என்று கூப்பிட்டுவிடுவோம். அப்படி ஒருமுறை கூப்பிட்டாலே, படிப்பு நமக்கு முக்கியமில்லை என்று மொத்தக் குழுவும் புரிந்துகொள்ளும். வகுப்பு நாளை வேலை அட்டவணையில் விடுப்புபோலவே குறித்துவிடுங்கள். படித்துவிட்டு வந்த ஒரு மாதத்துக்குள் அந்தப் படிப்புக்கு ஏற்ற வேலையைக் கொடுங்கள். இல்லையென்றால் சான்றிதழ் கோப்பில் தூங்கும், படித்தது மறந்துபோகும்.

வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர்களுக்கு அந்த கிரெடிட் கிடையாதே. அவர்களை எப்படி வளர்ப்பது?

கிடையாதுதான். ஆனால் நிறுவனத்திடம் பேச உங்களிடம் வலுவான கணக்கு ஒன்று இருக்கிறது. கட்டுமானத் துறையில் இந்தியா, பங்ளாதேஷ் போன்ற நாடுகளிலிருந்து வந்து கட்டுமானத் தளத்தில் வேலை செய்யும் அடிப்படைத் திறன் ஊழியருக்கு, 2024 ஜனவரி முதல் நிறுவனம் அரசுக்குக் கட்டும் லெவி (வெளிநாட்டு ஊழியருக்கான வரி) மாதம் 900 வெள்ளி. அதே ஆள் உயர்திறன் ஊழியராகத் தகுதி பெற்றால் 500 வெள்ளி. மாதம் 400, வருடத்துக்கு 4,800 வெள்ளி மிச்சம். திறன் சோதனைக்கும் பயிற்சிக்கும் செலவழித்ததை நிறுவனம் சீக்கிரமே எடுத்துவிடும். அந்தத் தகுதிக்கான வழிகளைக் கட்டட, கட்டுமான ஆணையம் வகுத்திருக்கிறது. உங்கள் மனிதவளப் பிரிவிடம் இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய்க் காட்டுங்கள். நான் அப்படித்தான் செய்தேன். கூடவே, மிச்சமாகும் தொகையில் ஒரு பகுதி அந்த ஊழியரின் அடிப்படைச் சம்பளத்துக்குப் போக வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். அதைக் கேட்காமல் விட்டால், உழைத்துத் தேர்ச்சி பெற்றவருக்கு ஒன்றுமே கிடைக்காமல் போகும்.

இன்னொன்று. பல தம்பிகள் ஞாயிற்றுக்கிழமை ஓய்வை விட்டுவிட்டு, சொந்தக் காசில் பாதுகாப்பு வகுப்புகளுக்குப் போகிறார்கள். ஊரில் பொறியியல் பட்டயம் முடித்துவிட்டு இங்கே குழாய் தூக்குபவர்களும் இருக்கிறார்கள். எந்தப் படிப்பு உண்மையில் வேலைக்கு உதவும், எது வெறும் காகிதம் என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்ல உங்களைவிட்டால் ஆள் இல்லை. ஏஜெண்டுக்குக் கட்டிய கடனே தீராதவர் வீண் வகுப்புக்கு 800 வெள்ளி கட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். முன்பே கேட்டிருந்தால் தடுத்திருக்கலாம் என்று இன்றும் மனசு அடித்துக்கொள்கிறது.

நன்றாகக் கற்றுக்கொடுத்தால் வேறு நிறுவனத்துக்குப் போய்விடுவார்களே?

சிலர் போவார்கள். நானே அப்படிப் போனவன். ஆனால் கற்றுக்கொடுத்ததால் போகவில்லை. முன்பு நான் இருந்த ஒரு நிறுவனத்தில், மேற்பார்வையாளர் வகுப்புக்கு இரண்டு முறை விண்ணப்பித்தேன். இரண்டு முறையும் "நைட் ஷிப்ட்டை ஓட்ட உன்னை விட்டா ஆள் இல்லை" என்று தடுத்துவிட்டார்கள். நன்றாக வேலை செய்ததே எனக்குச் சங்கிலியாகிவிட்டது. மூன்றாவது வருடம் கிளம்பிவிட்டேன். அன்றிரவே அந்த ஷிப்ட்டை ஓட்ட ஆள் கிடைத்துவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

என் குழுவிலிருந்து போனவர்கள் இன்றும் கூப்பிடுகிறார்கள். அவர்கள் வழியாக எனக்கு நல்ல ஆட்கள் வந்திருக்கிறார்கள். போகிறவரை நல்லபடியாக அனுப்பினால், இருப்பவர்களும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

என்னைவிட வயதில் மூத்தவர் எனக்குக் கீழே இருக்கிறார். சங்கடமாக இருக்கிறது.

அவரை அண்ணே என்று கூப்பிடுவதை நிறுத்தாதீர்கள். பதவி வந்ததும் பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கினால் அங்கேயே உறவு முறிந்துவிடும். வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டியதை மட்டும் தெளிவாகச் சொல்லுங்கள்.

மூத்தவர்களுக்கு இனி வளர்ச்சி எதற்கு என்று நினைப்பது பெரிய தவறு. சிங்கப்பூரில் 2026 ஜூலை முதல் சட்டப்படி ஓய்வு வயது 64, மறுவேலைவாய்ப்பு வயது (ஓய்வுக்குப் பிறகும் வேலை கொடுக்க வேண்டிய வயது வரம்பு) 69. அப்படியென்றால் 55 வயது அண்ணனுக்கு இன்னும் 14 வருட வேலை இருக்கலாம். எங்கள் குழுவில் ஓர் அண்ணனுக்கு முழங்கால் வலி, ஏணி ஏற முடியாது. அவர் கையில் டேப்லெட்டைக் கொடுத்து வரைபடத்தைச் சரிபார்க்கும் வேலையைக் கற்றுக்கொடுத்தோம். இரண்டு குழாய் மோதிக்கொள்ளும் இடத்தை அவர் வரைபடத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். அதை இளைஞர்களால் இன்னும் செய்ய முடியவில்லை.

குழுவில் தமிழர்களிடம் தமிழில் பேசலாமா?

பேசுங்கள். பாதுகாப்பு விதியைத் தாய்மொழியில் சொன்னால்தான் முழுதாகப் புரியும். ஆனால் பக்கத்தில் சீன நண்பரோ மலாய் நண்பரோ பங்ளாதேஷ் தம்பியோ இருந்தால், பேசியதை அவர்களுக்கும் புரியும் மொழியில் உடனே சொல்லிவிடுங்கள். காப்பிக்கடைக்கு யாரைக் கூட்டிப்போகிறீர்கள், நல்ல வேலையை யாருக்குக் கொடுக்கிறீர்கள் என்பதை எல்லாரும் கவனிக்கிறார்கள். 'அவங்க ஆளுக்குத்தான் சான்ஸ்' என்ற பேச்சு ஒருமுறை கிளம்பிவிட்டால், உண்மையிலேயே திறமையால் உயர்ந்த தமிழ்த் தம்பியின் உழைப்பும் சேர்ந்து அசிங்கப்படும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நோட்டைப் புரட்டிப் பார்ப்பேன், புதிய பொறுப்புகள் யார் யாருக்குப் போயிருக்கின்றன என்று.

விடுப்பு, குடும்பச் சூழல் எல்லாம் மேலாளரின் வேலையா?

ஆமாம். வீட்டுக் கவலையோடு இருக்கிறவர் புதிதாக எதையும் கற்றுக்கொள்ள மாட்டார். நீக்குப்போக்கான வேலை ஏற்பாடு (வேலை நேரத்தையோ இடத்தையோ மாற்றிக்கொள்வது) பற்றி அரசு, முதலாளிகள், தொழிற்சங்கம் சேர்ந்து வகுத்த முத்தரப்பு வழிகாட்டுதல் 2024 டிசம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. தகுதிகாண் காலம் முடிந்த ஊழியர் முறையாகக் கேட்டால், நிறுவனம் இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். மறுக்கலாம், ஆனால் வேலை சார்ந்த நியாயமான காரணம் வேண்டும்.

தைப்பூசம் இங்கே 1968இலிருந்து பொது விடுமுறை இல்லை. காவடி எடுப்பவர் விடுப்பு கேட்டுத் தயங்கி நிற்க வேண்டாம். ஜனவரி பிறந்ததும் நீங்களே கேளுங்கள். தேசிய சேவையின் ரிசர்வ் பயிற்சிக்கு வருடத்தில் 40 நாள்வரை போகும் தம்பிகளை ஆண்டு மதிப்பீட்டில் 'இந்த வருடம் குறைவாகத்தான் செய்தார்' என்று எழுதிவிடாதீர்கள்.

பதவி உயர்வு கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லையே?

எனக்கும் இல்லை. ஆனால் மேலே உட்கார்ந்திருப்பவர்கள் முன்னால் யார் பெயரைச் சொல்வது என்பது நம் கையில் இருக்கிறது. வாராந்தரக் கூட்டத்தில் "பம்ப் அறை முடிந்தது" என்று சொல்லாமல் "பம்ப் அறையை இன்னார் முடித்தார்" என்று சொல்லுங்கள். மின்னஞ்சலிலும் அப்படியே. ஒரு வருடம் தொடர்ந்து காதில் விழுந்த பெயர், உயர்வுப் பட்டியல் வரும்போது தானாக நினைவுக்கு வரும். மதிப்பீட்டு மாதத்தில் முதல்முறையாகச் சொன்னால் எடுபடாது.

எனக்கு எந்த வளர்ச்சியும் வேண்டாம், இதே போதும் என்கிறாரே ஒருவர்?

சரி, விட்டுவிடுங்கள். செய்கிற வேலையை நேர்த்தியாகச் செய்தால் அதுவே பெரிய விஷயம். ஆறு மாதம் கழித்து மறுபடி ஒருமுறை கேளுங்கள். சின்னக் குழந்தை வளர்ந்திருக்கும், கடன் தீர்ந்திருக்கும், பதில் மாறியிருக்கலாம்.

நான் சரியாகச் செய்கிறேனா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இரண்டு வாரம் விடுப்பு எடுத்து ஊருக்குப் போங்கள். எத்தனை அழைப்பு வருகிறது என்று எண்ணுங்கள். போன தீபாவளிக்கு நான் போயிருந்தபோது மூன்று வந்தன. ஒன்று வாழ்த்துச் சொல்ல. இன்னொன்று, ஒரு வரைபடத்தில் எந்தத் திருத்தம் கடைசியானது என்று கேட்டு. மூன்றாவது, கான்ட்ராக்டர் ஒருவர் தேதியைத் தள்ளிக் கேட்கிறார், சம்மதிக்கலாமா என்று. திரும்பி வந்ததும் கடைசி இரண்டையும் நோட்டில் இரண்டு பேர் பக்கத்தில் எழுதி வைத்தேன். வரைபடப் பதிவேடு அந்த ஏணி ஏற முடியாத அண்ணனிடம் போய்விட்டது. தேதி பேசுகிற வேலையைப் புதுக்கோட்டைத் தம்பி இந்த மாதம் என் பக்கத்தில் உட்கார்ந்து பழகிக்கொண்டிருக்கிறார்.